தட்டின் கணக்கும் வயிற்றின் கணக்கும்

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்தின்போது, சுகாதார அமைச்சின் தட்டுப் படம் ஒன்றை மண்டபத்துச் சுவரில் ஒட்டியிருந்தோம். வட்டமான ஒரு தட்டு. அதில் கால் பங்கு சோறு. கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ. எஞ்சிய அரைப் பங்கு காய்கறியும் பழமும். பக்கத்தில் ஒரு குவளை வெறுந்தண்ணீர். மேலே மலாய் மொழியில் 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்று பெரிய எழுத்தில் மூன்று சொற்கள். பேரன் எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்ட, பாட்டி ஒருவர் எழுந்து கேட்டார்: "ஏன் ஐயா, ரெண்டு வாட்டி சுக்குன்னு எழுதியிருக்கே, கசாயம் போடச் சொல்றாங்களா?"

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, மலாயில் 'சுக்கு' என்றால் கால், 'செப்பாரோ' என்றால் அரை என்று விளக்கினேன். பாட்டி படத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். "கால் தட்டு சோறு, சரி. அரைத் தட்டுக் கீரைக்கு எங்க போறது ஐயா?" என்றார். இந்த முறை எவரும் சிரிக்கவில்லை. என்னிடமும் விடை இல்லை.

உணவைப் பற்றிய எளிய கைக்கணக்குகள் மக்களுக்கு உண்மையில் உதவுகின்றனவா என்னும் வினா அன்று முதல் என்னை விடவில்லை. இது மருத்துவர்க்கு உரிய வினா, தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். விதி ஒன்றைச் சுருக்கிச் சொல்வதும், சொன்ன விதி கேட்டவர் நாவில் மட்டும் தங்கிக் கையில் தங்காமற் போவதும் நாம் நாள்தோறும் வகுப்பில் காண்பவை அல்லவா? மேலும் இவ்வினா நம்மவரை மற்றவரைவிட மிகுதியாகத் தொடுகிறது. 2019-ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வின்படி நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு. இந்தியரைத் தனியே எடுத்தால் நூற்றுக்கு 31.4. 2023-ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் விழுக்காடு 15.6 ஆகக் குறைந்தது ஆறுதல்தான். ஆயினும் நம் வீடுகளில் மூவரில் ஒருவர் என்னும் கணக்கைப் படித்தபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது. எங்கள் ஆசிரியர் அறையில் ஒன்பது பேர். அவர்களுள் மூவர் மேசை இழுப்பறையில் மாத்திரை வைத்திருக்கிறோம். மூவரில் நானும் ஒருவன்.

இத்தகைய படத்தைக் கண்டால் நம்மவரிடையே ஒரு பேச்சு உடனே எழும். "இதையெல்லாம் வள்ளுவர் அன்றே சொல்லிவிட்டார்" என்பதே அப்பேச்சு. சொன்னார்தான். ஆனால் என்ன சொன்னார், யாருக்குச் சொன்னார் என்று பார்க்கும் பொறுமை நம் மேடைகளுக்குக் குறைவு.

95-ஆம் அதிகாரத்துக்குத் தலைப்பு 'மருந்து'. பத்துக் குறளில் முதலாவது, நோய் பிறக்கும் வழியைச் சொல்வது. அடுத்த ஆறும் உண்பது பற்றியவை. கடைசி மூன்றும் நோயாளியையும் மருத்துவனையும் பற்றியவை. மருந்து என்று பெயர் சூட்டிய அதிகாரத்தில் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. உணவைப் பற்றிய ஆறு குறளில் ஓர் உணவுப் பண்டத்தின் பெயரும் இல்லை. முன்னுண்டது செரித்ததை அறிந்து உண்ண வேண்டும். நன்றாகப் பசித்த பின் உண்ண வேண்டும். தனக்கு ஒவ்வாததை விலக்கி உண்ண வேண்டும். செரிக்கும் தீயின் அளவை மீறலாகாது. சுருங்கச் சொன்னால் இவ்வளவே. 'ஒவ்வாதது' எது என்னும் இடத்தில் பரிமேலழகர் நின்று, உண்பவன் இயல்போடு மாறுபடுவது, பருவத்தோடு மாறுபடுவது, சுவையாலும் வீரியத்தாலும் தமக்குள் மாறுபடுவது என மூன்றாக விரிக்கிறார்.

கேழ்வரகுக் களி உண்டவனுக்கும், புழுங்கற் சோறு உண்டவனுக்கும், இன்று ரொட்டி சானாய் உண்பவனுக்கும் இக்கணக்கு பொருந்துவது இதனால்தான். இதற்குத் தட்டு வேண்டா, துலாக்கோல் வேண்டா, எழுத்தறிவும் வேண்டா. பசி என்னும் ஒரே அளவுகோல் அவரவர் உடம்பிலேயே இருக்கிறது. கைக்கணக்கு என்று சொன்னால் இதைவிடச் சிறந்தது கிடைப்பது அரிது.

அந்த அளவுகோல் இன்று நேராக இருக்கிறதா என்பதே என் ஐயம். காலை ஆறு மணிக்கு டின் பால் ஊற்றிய தேநீர். பத்து மணிக்கு நாசி லெமாக்கோடு இன்னொன்று. நாலு மணிக்குக் கடை முன்னால் நண்பர்களோடு ஒரு தே தாரிக். இனிப்பு நீராய் உள்ளே போகும்போது வயிறு அதைச் சோற்றைப்போல் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. பசிப்பதுபோலவே இருக்கும், உண்மையில் பசி இராது. 'கூராங் மானிஸ்' என்று சொல்லி வாங்குகிறோமே என்பர். சர்க்கரையைக் குறைக்கும் கடைக்காரர் டின் பாலைக் குறைத்தாரா என்று எட்டிப் பார்த்தவர் எத்தனை பேர்? முன்னுண்டது செரித்ததா என்று அறியச் சொன்ன புலவர், நாள் முழுவதும் சிறிது சிறிதாக உண்டுகொண்டே இருக்கும் ஒருவனை எண்ணியிருக்க இயலாது.

இதனினும் பெரிய பிழை ஒன்று உண்டு. மூன்றாண்டுக்கு முன் ஒரு பொங்கல் விழாவில் பேச்சாளர் ஒருவர், பசித்தால் மட்டும் உண்ணுங்கள், மாத்திரைப் பெட்டியைக் கடலில் எறியுங்கள் என்று முழங்கினார். கைதட்டல் எழுந்தது. தட்டிய கைகளுள் என் கைகளும் இருந்தன. மாத்திரையை நான் எறியவில்லை. உணவு வேளையை மட்டும் பசிக்கு ஏற்றபடி தள்ளிப் பார்த்தேன். அடுத்த வாரம் காலைக் கூடலில் கொடிக்கம்பத்தின் கீழ் நின்றபோது உடல் வியர்த்தது, கை நடுங்கியது, பிள்ளைகளின் வரிசை இரண்டிரண்டாகத் தெரிந்தது. நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் மைலோப் பொட்டலத்தை நீட்டியிராவிட்டால் விழுந்திருப்பேன். சர்க்கரையைத் தணிக்கும் சில மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும் நாம் உண்டோமா என்று பார்த்து வேலை செய்வன அல்ல. அவற்றை எடுத்துக்கொள்பவர் பசி வரட்டும் என்று காத்திருத்தல் ஆபத்து. எனக்கு இதை மருத்துவர் பின்னர் விளக்கினார். வள்ளுவர் முன்னரே விளக்கியிருந்தார். அந்த அதிகாரத்தின் ஒன்பதாம் குறளில், நோயுற்றவனின் அளவும் நோயின் அளவும் காலமும் பார்த்தே எதுவும் செய்க என்று மருத்துவனுக்குச் சொல்கிறார். முன் ஆறும் நோயில்லாதவனுக்கு. பின் மூன்றும் நோயாளிக்கு. அந்த வரம்பை அழித்துப் பேசியவர் பேச்சாளர். அதை எண்ணாமல் கைதட்டியவன், முப்பதாண்டு குறள் நடத்திய நான்.

ஆகவே பழைய கணக்கே போதும் என்பார் பக்கம் நான் இல்லை. புதிய கணக்கு போதுமா?

கால், கால், அரை என்னும் பின்னங்கள் நமக்குப் புதியன அல்ல என்பது வியப்பான செய்தி. வாகபடர் செய்த அட்டாங்க இருதயம் என்னும் வடமொழி மருத்துவ நூலில் இதே பின்னங்கள் வருகின்றன. வயிற்றை நான்காகப் பகுத்து, இரண்டு பங்கை உணவாலும் ஒரு பங்கை நீராலும் நிரப்பி, நான்காம் பங்கைக் காற்றுக்கென வெறுமையாக விட வேண்டும் என்பது அங்கே விதி. அரை, கால், கால்! ஓக்கினாவாத் தீவினரிடமும் வயிறு பத்தில் எட்டுப் பங்கு நிரம்பியதும் நிறுத்து என்னும் வழக்கு உண்டு. முன்னோர் பங்கிட்டது வயிற்றை. அமைச்சு பங்கிடுவது தட்டை. வயிற்றுக்குள் எவரும் கோடு கிழிக்க முடியாது, தட்டில் கிழிக்கலாம். கண்ணுக்குத் தெரிவது என்பதே தட்டுக் கணக்கின் பலம். அமெரிக்க அரசும் 2011-இல் தன் பழைய கூம்புப் படத்தைக் கைவிட்டுத் தட்டுப் படத்துக்கு மாறியது இதனால்தான். ஆனால் தட்டு எத்துணைப் பெரியது, அதில் சோறு எத்துணை உயரம் குவிந்திருக்கிறது, எத்தனை முறை நிரப்பப்படுகிறது என்பவற்றைப் பின்னம் சொல்லாது. மலைபோல் குவித்த காலும் காலே.

எளிய விதிகள் பயனற்றவை என்று இதனால் முடிவு செய்துவிடலாகாது. செருமனியில் எடை குறைக்க முயன்ற பெண்களை மாட்டா, டாட், லிப்கே என்னும் ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று உண்டு. தாம் பின்பற்றும் விதி சிக்கலானது என்று உணர்ந்த பெண்களே அதை விரைவில் கைவிட்டனர் என்பது அவர்கள் கண்டது. எளிமைக்குப் பயன் உண்டு. அது விதியை மறக்காமல் வைக்கிறது. மறக்காமல் இருப்பதும் செய்வதும் ஒன்றா? வல்லினம் மிகும் இடங்களை மூச்சு விடாமல் ஒப்பிக்கும் மாணவன், கட்டுரைத் தாளில் ஒற்றைத் தவற விடுவதை நாம் திருத்தித் திருத்திக் கை ஓய்ந்திருக்கிறோம். கதைப் புத்தகம் நிறையப் படித்த பிள்ளையோ, விதி கேட்டால் விழிப்பான். ஒற்றுப் பிழை மட்டும் செய்ய மாட்டான். எங்கள் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தட்டுப் படத்தைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னோம். அனைவரும் அரைத் தட்டைப் பச்சையாகத் தீட்டினர். மணி அடித்ததும் சிற்றுண்டிச் சாலைக்கு ஓடி வறுத்த மீ வாங்கினர். அங்கே பச்சையாக இருந்தது வாழையிலைத் துண்டு ஒன்றே.

விதி கையில் தங்கிய இடம் எது என்று தேடினால் நம் வரலாற்றிலேயே ஒரு சான்று கிடைக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் தொழிலாளரை வாரிக்கொண்டு போயிற்று. தீட்டிய வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளரை அது தாக்கியது. தமிழ்த் தொழிலாளரை அவ்வளவாகத் தொடவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இதைக் கவனித்து அரிசியின்மேல் ஐயம் கொண்டார். 1905-இல் கோலாலம்பூர் மனநோயர் இல்லத்தில் வில்லியம் ஃபிளெட்சர் என்னும் மருத்துவர், அங்கிருந்தோரை இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு வெள்ளையரிசியும் மற்றொரு கூறுக்கு இந்தியப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளையரிசி உண்டவரிடையே நோய் பரவிப் பலர் இறந்தனர்; புழுங்கல் உண்டவர் தப்பினர். பின்னர்க் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டாண்டனும் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து உறுதி செய்தனர். நெல்லை அவிக்கும்போது தவிட்டை ஒட்டிய சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தீட்டினாலும் முழுதும் போவதில்லை. அச்சத்துக்கு இன்று தயமின் என்று பெயர்.

நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திக் குத்திய நம் பாட்டிமார் தயமினை அறியார். அறியாமலே அவர்தம் பழக்கம் கடல் கடந்து வந்து உயிர் காத்தது. இந்த விதியைத் தோட்டத்துத் தொழிலாளி நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையே இருக்கவில்லை. அது சுவரில் இல்லை. மூட்டையில் வந்த அரிசிக்குள் இருந்தது. பங்கீட்டில் எந்த அரிசி வந்ததோ அதுவே விதி. நம் காலத்திலும் இதற்கு ஒப்பு உண்டு: 2019 சூலை முதல் நாளிலிருந்து, சர்க்கரை மிகுந்த புட்டிப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி விதிக்கப்பட்டது. வரிக்கு அஞ்சி உற்பத்தியாளர் இனிப்பைக் குறைத்தால், குடிப்பவன் எந்தப் பின்னத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒரு நோயைத் தடுத்த விதி இன்னொரு நோய்க்கும் மதிலாகும் என்று எண்ணலாகாது. புழுங்கல் அரிசியாயிற்றே என்று மூன்றாம் முறை சோறு வாங்கும் உறவினர் எனக்கு உண்டு. அவர் தாத்தா பொழுது விடியுமுன் இறங்கி நாள் முழுவதும் மரம் மரமாக நடந்து பால் வெட்டியவர். பேரன் மேசை முன் அமர்ந்திருப்பவர். விதிகளும் மாறுகின்றன: நம் நாட்டு உணவுக் கூம்பில் 2010-இல் அடித்தளமாக இருந்தது சோறு; 2020-ஆம் ஆண்டு வழிகாட்டியில் அவ்விடத்தைக் காய்கறியும் பழமும் பெற்றுவிட்டன.

தட்டுக்கு முன் நமக்கு இலை இருந்தது. வாழையிலையின் நடு நரம்பு இயற்கையே கிழித்த கோடு. அதன் மேற்பாதி பொரியலுக்கும் கூட்டுக்கும் அவியலுக்கும், கீழ்ப்பாதி சோற்றுக்கு. செப்பாரோ நம் பந்தியில் எப்பொழுதோ வந்துவிட்டது! கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் இலைச்சோற்றுக் கடைகளில் இவ்வரிசை இன்றும் பிறழ்வதில்லை. ஆனால் கூர்ந்து பாருங்கள். மேற்பாதியில் மூன்று கரண்டி நுனி அளவு காய். கீழ்ப்பாதியில் இலை மறையச் சோறு, அதன்மேல் குழம்பு, பிறகு மீண்டும் சோறு. இடம் பாதி, பண்டம் பாதியன்று. வடிவம் காக்கப்பட்டு அளவு தொலைந்துபோன விதி இது. யாப்பு வழுவாமல் பொருள் ஒழிந்த செய்யுள்கள் என் நினைவுக்கு வருகின்றன. அப்பேச்சு இங்கே வேண்டா.

பாட்டியின் கேள்விக்கு வருகிறேன். அரைத் தட்டுக் கீரைக்கு எங்கே போவது? அவர் முன்பு இருந்த லயத்தின் பின்புறம் முருங்கை நின்றது. வேலியில் பசளை படர்ந்தது. வாய்க்கால் ஓரம் பொன்னாங்கண்ணி கிடந்தது. ஆற்ற மாட்டாத அளவுக்குக் கீரை, காசு கிடையாது. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்பு வந்தது. எங்கள் பள்ளியின் பெயரில் மட்டும் 'தோட்டம்' என்னும் சொல் மிஞ்சியிருக்கிறது. பாட்டி இன்று இருப்பது மலிவு வீட்டு அடுக்ககத்தின் நான்காம் மாடியில். முன்பு கொல்லையில் பறித்ததை இப்பொழுது சந்தையில் வாங்க வேண்டும். வாங்கியதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற வேண்டும். சோறு மலிவு, வயிற்றையும் நிரப்பும். அந்த நிலையில் தட்டுப் படம் அவருக்குக் கற்பிப்பது என்ன? காய்கறி நல்லது என்பது அவருக்குத் தெரியாததா? தெரிந்ததையே அச்சிட்டுக் காட்டிவிட்டு, அவர் செய்யவில்லையே என்று குறைப்படுவது ஆசிரியனுக்கு அழகன்று. நான் அன்று அதைத்தான் செய்தேன்.

வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கிளினிக்கிலிருந்து படத்தைக் கொண்டுவந்து என் மனைவியிடம் கொடுத்தேன். அவர் அதைக் குளிர்ப்பெட்டியின் கதவில் ஒட்டினார். மூன்று வாரம் ஒரு மாற்றமும் இல்லை. குழம்பு ஊற்றிய சோற்றில் கால் எது, அரை எது என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சோறு வழக்கத்தைவிடக் குறைவாக விழுந்தது. "தட்ட மாத்தலீங்க, சோத்துக் கரண்டிய மாத்திட்டேன்" என்றார். பெரிய கரண்டி பரணுக்குப் போய்விட்டது; அதே மூன்று கரண்டிதான், சிறிய கரண்டியால். பொரியலும் கீரையும் முதலில் விழும், சோறு பிறகு. எனக்கு இதுவே கைக்கொண்ட முதல் விதி. அதை நான் கைக்கொள்ளவில்லை, என் தட்டில் பிறர் கைக்கொண்டார் என்பதே உண்மை. பாத்திரம் சிறுத்தால் உணவும் சிறுக்கும் என்று உலகெங்கும் பரப்பிய வான்சிங்க் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் ஆய்வு நெறி தவறினார் என்று கோர்னெல் பல்கலைக்கழகமே 2018-இல் முடிவு கூறியது. அவருடைய ஆய்வுக் கட்டுரைகள் பல திரும்பப் பெறப்பட்டன. ஆதலால் கரண்டியை ஒரு கொள்கையாக நான் யாருக்கும் விற்க வரவில்லை. எங்கள் வீட்டில் அது நடக்கிறது, அவ்வளவே.

ஆயினும் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளை இப்பொழுது வேறு கண்ணால் படிக்கிறேன். மருத்துவத்துக்கு உறுப்பு நான்கு என்கிறார் வள்ளுவர்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, நான்காவது அருகிருந்து அதைக் கொடுப்பவன். வகுப்பில் இந்த நான்காவதை 'செவிலியர்' என்று ஒரு சொல்லில் கடந்துவிடுவது என் வழக்கம். உணவையே மருந்தாகப் பேசிய அதிகாரத்தில், கொடுப்பவர் என்றால் பரிமாறுபவரும் அல்லரோ? சுவரொட்டிகள் அனைத்தும் உண்பவனை நோக்கிப் பேசுகின்றன. நம் வீடுகளில் அளவு நிர்ணயமாவது உண்பவன் கையில் அன்று. அது அகப்பை பிடித்த கையில், கடைத்தெருவில் எது மலிவு என்பதில், சிற்றுண்டிச் சாலையில் எது முன்வரிசையில் வைக்கப்படுகிறது என்பதில்.

இவ்வாண்டுத் தொடக்கத்தில் சிற்றுண்டிச் சாலை நடத்தும் அம்மையாரோடு பேசி, முன்வரிசையில் வெட்டிய பழமும் அவித்த பயறும் வைக்கச் சொன்னோம்; மீ பின்னால் போயிற்று. பழம் விற்கிறது, பயறு அவ்வளவாக விற்கவில்லை. பின்வேலியை ஒட்டி நாற்பதடி நீளத்துக்கு மண்ணைக் கொத்தி முருங்கைப் போத்தும் பசளைக் கொடியும் நட்டிருக்கிறோம். வெள்ளிதோறும் பிள்ளைகள் ஆளுக்கொரு கட்டு கொண்டு போகிறார்கள். நாற்பதடி நிலம் எத்தனை வீட்டு அரைத் தட்டை நிரப்பும் என்று ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொன்னேன். விடை எனக்கு மகிழ்ச்சி தருவதாக இல்லை.

சென்ற வெள்ளி அந்தப் பாட்டி தாமே வந்தார். கீரைக் கட்டை வாங்கிக்கொண்டு, நடுவதற்கு ஒரு போத்து வேண்டும் என்றார். நான்காம் மாடியில் எங்கே நடுவீர்கள் என்று கேட்டேன். பழைய பெயின்ட் வாளி இருக்கிறதாம். நடைபாதை ஓரத்தில் காலை வெயில் விழுகிறதாம். முழ நீளத்தில் நல்ல போத்தாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தேன்.